கரியாலூர் ஓடையிலிருந்து பரங்கிப்பேட்டை கடல் வரை... ஒரு சிப்ஸ் கவரைத் தேடிப் போன பயணம்!

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை. கல்வராயன் மலையில் கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பாலம். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஃபிளாஸ்கில் கொண்டு போயிருந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம். மார்கழிக் குளிர் தை பிறந்தும் போகவில்லை. என் மகனுக்கு ஒன்பது வயது. சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்தவன், கவரை சுருட்டி பாலத்திலிருந்து கீழே எறிந்தான். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த இடத்தில் காலையிலேயே எதற்குத் திட்டு என்று விட்டுவிட்டேன்.

பக்கத்தில் தேனும் கடுக்காயும் விற்றுக்கொண்டிருந்த ஆயா சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, அது ஓடைம்மா. அதுல போட்டா கீழ அணைக்குல்ல போவும்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

"அணைக்குப் போனா அப்புறம் எங்க போகும்?" என்று கேட்டான் மகன்.

என் மாமனாருக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் போதும். கள்ளக்குறிச்சிக்காரர். பொதுப்பணித் துறையில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதகு திறப்பது, தண்ணீர் அளப்பது, வாய்க்கால் கரையைச் சுற்றிவருவது என்று முப்பது வருடம் ஆற்றோடு வாழ்ந்தவர். "கோமுகி, மணிமுத்தாறு, வெள்ளாறு, கடைசியா பரங்கிப்பேட்டையில கடல். பாக்கணுமா? நாளைக்கு சனிக்கிழமைதானே, போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் பயணம்.

மலையாளிகளின் மலை

கள்ளக்குறிச்சி 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கே நீல நிறத்தில் தெரிவதுதான் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் பெரியார் நீர்வீழ்ச்சி, கரியாலூர், வெள்ளிமலை என்று வரிசையாகப் பார்க்கலாம். கரியாலூரில் ஒரு படகுக் குழாமும் சிறுவர் பூங்காவும் இருக்கின்றன. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி பர்ஸைப் பதம் பார்க்காத மலை என்பதால், விடுமுறை நாட்களில் சுற்றுவட்டாரமே இங்கே திரண்டுவிடும்.

இந்த மலையின் மக்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளாவோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களே கதை சொல்வார்கள். நாடு 1947-ல் விடுதலை பெற்றாலும், இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில்தான் இருந்தது. சாமை, மரவள்ளி, புளி, கடுக்காய், தேன் இவைதான் பெரும்பாலும் அவர்களின் பிழைப்பு.

அன்று நாங்கள் நீர்வீழ்ச்சிப் பக்கம் போனபோது, முதல் நாள் கூட்டம் விட்டுப்போன மிச்சம் அப்படியே கிடந்தது. பிளாஸ்டிக் தட்டு, பிரியாணி டப்பா, தண்ணீர் பாட்டில், ஷாம்பு சாஷே, பாறை இடுக்குகளில் உடைந்த மதுபாட்டில் சில்லு. உள்ளூர்ப் பையன்கள் நான்கைந்து பேர் கோணிப்பையோடு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காசுக்கா என்று கேட்டேன். ஒருவன் சிரித்தான். "எங்க மாடு இங்கதாங்க்கா மேயுது. கண்ணாடி குத்துனா யாரு பாக்குறது?"

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினார். நாங்களும் இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் மூன்று கோணிப்பை நிரம்பியது. சில்லுகளைத் தனியாக ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டார்கள். அனுபவம்! நான் வெறும் கையோடு பொறுக்கப் போய் விரலைக் கிழித்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. சட்டம் மலையேறி வந்தாலும், நாம் பையில் கொண்டு வருவதும் கூடவே ஏறி வந்துவிடுகிறது. தண்ணீர் பாட்டில் அந்தத் தடைப் பட்டியலிலேயே இல்லை.

அணையில் தேங்குவது தண்ணீர் மட்டுமல்ல

மறுநாள் விடிகாலையில் கிளம்பினோம். முதல் நிறுத்தம் கோமுகி அணை. கச்சிராயபாளையத்தை ஒட்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது. அணையின் முழு உயரம் 46 அடி. மலையில் மழை பெய்தால் பெரியார் நீர்வீழ்ச்சி, அதைச் சுற்றியுள்ள ஓடைகள் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். பக்கத்திலேயே 36 அடி உயரத்தில் மணிமுக்தா அணை. இரண்டும் நிரம்பினால்தான் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நடவு நடக்கும்.

அணைக்கரையில் நின்று மாமனார் பேரனுக்குப் பாடம் எடுத்தார்.

"மலையில மரம் இருந்தா தண்ணி நடந்து வரும். மரம் இல்லன்னா ஓடி வரும். ஓடி வர்ற தண்ணி சும்மா வராது, மண்ணையும் சேத்து இழுத்துக்கிட்டு வரும்."

எளிமையான விஷயம்தான். மழைத்துளி இலையில் விழுந்து, சருகில் சொட்டி, மண்ணுக்குள் இறங்கினால் அது ஊற்றாக மாறி மாதக்கணக்கில் கசியும். அதே துளி வெட்டவெளிச் சரிவில் விழுந்தால் மேல்மண்ணை அடித்துக்கொண்டு ஒரே நாளில் கீழே வந்துவிடும். அந்த மண் அணையில் வண்டலாகப் படியும். வண்டல் சேரச் சேர, அணை வெளியில் பார்க்க அதே உயரம்தான். உள்ளே பிடிக்கும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். சரிவில் மரவள்ளி போடும் விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அதுதான் காசு. ஆனால் வரப்பு கட்டி, இடையிடையே மரம் வைத்தால் அவர் மண்ணும் அவரிடமே இருக்கும், கீழே இருக்கிறவர்களுக்குத் தண்ணீரும் கிடைக்கும்.

மகனுக்கு மண் கவலை இல்லை. மதகின் ஓரத்தில் மிதந்த குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் கவர் இருக்குமா தாத்தா?"

"இன்னும் வந்திருக்காதுடா. ஒரு மழைக்குக் காத்துக்கிட்டு இருக்கும்."

ஆற்றிலே போட்டு...

கோமுகி, கள்ளக்குறிச்சி ஊர் வழியாக ஓடி மணிமுத்தாற்றில் கலக்கிறது. கல்வராயன் மலையிலேயே பிறக்கும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய் வெள்ளாற்றில் சேர்கிறது. விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலுக்குப் போய்விட்டு ஆற்றுப் பாலத்தில் நின்றோம். நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர். இரு கரையிலும் ஊரின் மொத்தக் கழிவும்.

இந்த ஆற்றுக்கு ஒரு கதை உண்டு, பலருக்கும் தெரிந்திருக்கும். சுந்தரர் இங்கே இறைவனிடம் பொன் பெற்றார். வழியில் திருடர் பயம். அதனால் பொன்னை இந்த மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டாராம். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்ற பழமொழிக்குப் பின்னால் இருக்கும் கதை இது.

நான் கதையைச் சொல்லி முடித்ததும் மகன் யோசித்தான். "அவரு தங்கத்தைப் போட்டாரு. நான் கவரைப் போட்டேன். அது கடல்ல கிடைக்குமாம்மா?"

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அவன் போட்ட அந்த ஒரு கவர் கடல் வரை போகும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பாறையில் சிக்கலாம், அணையில் தங்கலாம், ஏதாவது ஒரு மாட்டின் வயிற்றில் முடியலாம். ஆனால் கரியாலூரில் ஒன்று, கள்ளக்குறிச்சியில் நூறு, விருத்தாசலத்தில் ஆயிரம் என்று சேரும்போது, வெள்ளம் வரும் நாளில் எல்லாம் சேர்ந்து கிளம்புகிறது. ஆற்றுக்குக் கடலைத் தவிர வேறு வழி கிடையாது.

சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டினோம். வெள்ளாறு அகலமாகிக்கொண்டே வந்தது. மதியம் இரண்டு மணிக்குக் காற்றில் உப்பு வாசனை.

வலையில் வந்த மலை

பரங்கிப்பேட்டை. ஆங்கிலேயர்களும் போர்த்துகீசியர்களும் 'போர்ட்டோ நோவோ' என்று அழைத்த பழைய துறைமுகம். 1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்த ஊர். இன்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி இங்கே இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கடல் உயிரினங்களைப் படிக்க மாணவர்கள் இங்கே வருகிறார்கள்.

முகத்துவாரத்தில் ஃபைபர் படகை ஏற்றிவிட்டு, ஒரு மீனவர் குடும்பமே உட்கார்ந்து வலை சுத்தம் செய்துகொண்டிருந்தது. வலையிலிருந்து கையால் பிரித்து எடுத்ததில் பாதி, பிளாஸ்டிக் பை. மகன் அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தான்.

"இன்னா தம்பி தேடுற?"

"என் சிப்ஸ் கவர்ண்ணா. கரியாலூர்ல போட்டேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு சொன்னது மட்டும் சிரிப்பாக இல்லை. "மழைக்காலத்துல வந்து பாரு. மலையிலேருந்து மரக்கட்டை வரும், வாழைமரம் வரும், அது பின்னாடியே குப்பை வரும். ஒரு பாடு வலை இழுத்தா, மீனைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி குப்பையைப் பிரிக்கணும். வலை கிழிஞ்சா எங்க காசு."

அங்கிருந்து மணலில் கொஞ்ச தூரம் நடந்தபோதுதான் அதைப் பார்த்தோம். ஒரு பெரிய ஆமை. செத்து, ஊதி, கரை ஒதுங்கிக் கிடந்தது. மகன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அது பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கடற்கரைக்கு முட்டையிட வரும். கடலிலேயே வாழ்ந்தாலும் இதற்கு மீனைப் போல செவுள் கிடையாது. நம்மைப் போலவே காற்றைச் சுவாசிக்க மேலே வந்தாக வேண்டும். கடலடியில் இழுத்துச் செல்லும் வலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதைச் சுற்றியும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது. ஆமை தப்பிக்க வழிவிடும் கருவியை வலையில் பொருத்த வேண்டும். இவை ஏற்கெனவே இருக்கிற விதிகள்தான். கடைப்பிடிப்பதில்தான் சிக்கல்.

"எங்க வலையில மாட்டுனா வலையை அறுத்தாவது விட்ருவோம்மா. அது சாமி மாதிரி" என்றார் அந்த மீனவர். சிறிய படகுக்காரர்களையும் எல்லாரோடும் சேர்த்துத் திட்டுகிறார்கள் என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது.

ஆமைக்கு ஆபத்து வலையால் மட்டுமல்ல. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பை, ஆமை விரும்பித் தின்னும் சொறி மீன் மாதிரியே இருக்கும். அதை நான் சொல்லவில்லை. மகனே மாமனாரின் ஃபோனில் தேடிப் படித்துவிட்டு, அமைதியாக ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான்.

வேர்கள் தாங்கிய ஊர்கள்

ஞாயிறு காலை பிச்சாவரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் சுமார் 1,100 ஹெக்டேரில் அலையாத்திக் காடு. 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் வருவாரே, அதே இடம். 2022-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தில்லை மரமும் அலையாத்தி வகைகளில் ஒன்றுதான். சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் வந்தது அதனால்தான்.

துடுப்புப் படகில் சுரபுன்னை மரங்களின் வேர்களுக்கு நடுவே போனோம். 2004 சுனாமியைப் படகோட்டி அண்ணன் நினைவுகூர்ந்தார். கடலை ஒட்டி மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு பெரும் சேதத்தைச் சந்தித்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் பாதிப்பு குறைவு. அலையின் வேகத்தை இந்த மரங்கள் உடைத்ததைப் பின்னர் விஞ்ஞானிகளும் ஆய்வு செய்து எழுதினார்கள்.

இந்தக் காடும் ஒரு காலத்தில் அழிந்துகொண்டுதான் இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து கூப்பு முறையில் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். மரம் போன இடத்தில் தரை காய்ந்து, அமுங்கி, தொட்டி மாதிரி ஆனது. அலையேற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக முடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து 1990-களில் கண்டுபிடித்த வழி எளிமையானது: முதலில் கால்வாய் வெட்டு, பிறகு கன்று நடு. மீன் முள் மாதிரி நடுவில் ஒரு பெரிய கால்வாய், இருபுறமும் சிறிய கிளைகள். தண்ணீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. இதே முறை பிறகு வேறு இடங்களுக்கும் பரவியது.

ஒன்று மட்டும் இங்கிருப்பவர்களின் கையில் இல்லை. அலையாத்திக்கு உப்புத் தண்ணீர் மட்டும் போதாது. ஆற்றிலிருந்து நல்ல தண்ணீரும் வந்து கலக்க வேண்டும். அது குறையக் குறைய, அதிக உப்பைத் தாங்கும் மரங்கள் மட்டுமே மிஞ்சும். அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும்? ஒரு பக்கம் காவிரியிலிருந்து. இன்னொரு பக்கம், நேற்று நாங்கள் கிளம்பி வந்தோமே, அந்த மலையிலிருந்து.

மாமனார் வேர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் மதகைத் தொறந்து மூடியிருக்கேன்மா. 'தண்ணி வீணா கடலுக்குப் போவுது'ன்னு நானும் சொல்லியிருக்கேன். வீணா போகலைபோல" என்றார்.

நீங்களும் சேரலாம்

ஊருக்குத் திரும்பியதும் பலர் கேட்டார்கள், "நாங்களும் ஏதாவது செய்யணும், எங்கே போறது?" என்று. விசாரித்தும் நேரில் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆமை நடை (ஜனவரி – ஏப்ரல்): சென்னையில் 1970-களில் ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்ந்து நடத்துகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் தொடங்கும் நடை. வார இறுதிகளில் பொதுமக்களும் சேரலாம். கடலூர் கடற்கரையிலும் வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் நாட்களில் குழந்தைகளை அழைத்துப் போகலாம். மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது, ஆமையைத் தொடக் கூடாது. நீங்களாக முட்டையைத் தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றம்.

கடற்கரைத் தூய்மை (செப்டம்பர்): செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். கடலோரக் காவல்படை, பள்ளிகள், கல்லூரிகள் பல ஊர்களில் நடத்துகின்றன. பொறுக்கியதை வகை பிரித்து எண்ணுவதும் இதில் முக்கியம். எது அதிகம் வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தடுப்பது என்று தெரியும்.

அலையாத்தி நடவு: ஜூலை 26 உலக அலையாத்தி நாள். அதையொட்டி நடவுப் பணிகள் நடக்கும். தனியாகப் போய் எங்கேயாவது நடாதீர்கள். தண்ணீர் வந்து போகாத இடத்தில் நட்ட கன்று பிழைக்காது என்பது பிச்சாவரம் சொல்லும் பாடம். வனத்துறையோடும் ஊர்க் குழுக்களோடும் சேர்ந்து செய்யுங்கள்.

பறவைக் கணக்கெடுப்பு: வனத்துறை ஆண்டுதோறும் ஈரநிலப் பறவைகளைக் கணக்கெடுக்கும்போது தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறது. பறவைப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குறிப்பெடுக்கவும் ஆள் வேண்டும்.

மலையில்: கடலுக்குப் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கரியாலூர் போகிறீர்களா? ஒரு காலி அரிசிப் பையும் தடிமனான கையுறையும் எடுத்துப்போங்கள். கொண்டு போனதை எல்லாம் திருப்பிக் கொண்டுவாருங்கள். சாப்பாட்டை எவர்சில்வர் தூக்கில் கட்டுங்கள். கூட்டமாகப் போய்ச் சுத்தம் செய்ய விரும்பினால் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கண்ட விதையையும் உருண்டை பிடித்துக் காட்டுக்குள் வீசாதீர்கள். அந்த மலைக்குச் சொந்தமில்லாத செடி அங்கே முளைத்தால் அது உதவி அல்ல. திரும்பும்போது மலை மக்களிடம் தேனும் சாமையும் வாங்கி வாருங்கள். காட்டை வைத்துப் பிழைக்க முடிந்தால்தானே அவர்களும் காட்டைக் காக்க முடியும்?

114

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, மகனை அழைத்துக்கொண்டு சென்னையில் ஆமை நடைக்குப் போனேன். தூங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன். மணலில் நான்கு மணி நேரம். என் கால்தான் கெஞ்சியது. மூன்று மணி வாக்கில் முன்னால் போன கல்லூரி மாணவர்கள் நின்றார்கள். கடலிலிருந்து மணலுக்கு ஏறி, மறுபடி கடலுக்கு இறங்கிய ஒரு தடம். டிராக்டர் டயர் ஓடியது மாதிரி. தாய் ஆமை வந்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போயிருந்தது.

அவர்கள் நிதானமாக மணலைக் கையால் விலக்கினார்கள். ஒன்றரை அடி ஆழத்தில், டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி வெள்ளை முட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைக்க, மகன் பக்கத்தில் குந்தி வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தான். 114. பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பொரிந்துவர 45 நாளிலிருந்து 60 நாள் வரை ஆகும். கடலில் விட்ட ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று ஒரு மாணவி சொன்னாள்.

"அப்போ இந்த 114-ல ஒண்ணுகூட இல்லையா?" என்றான்.

"அதனாலதான் தினமும் நடக்கிறோம்" என்றாள் அந்தப் பெண்.

சித்திரை விடுமுறைக்கு மறுபடி கள்ளக்குறிச்சி. காலையில் எழுந்து பார்த்தால் மாமனாரும் பேரனும் தயாராக நிற்கிறார்கள். கையில் மூன்று அரிசிப் பை, ஒரு பெயின்ட் டப்பா. கரியாலூர்ப் பாலத்தில் ஆயா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை. ஓடையில் தண்ணீர் மெலிந்து, பாறைகள் தெரிந்தன. மகன் நேராகப் பாலத்துக்குக் கீழே இறங்கினான்.

நிறைய கவர்கள் இருந்தன. அவனுடையது எது என்று தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் எடுத்தான்.